யாருக்கும் தேவையில்லாத புரோகிராம்

எங்கள் அண்ணியைப் பற்றி யாராவது "பாவம்" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணிக்கு வராது, எனக்குத்தான் வரும். "பாவம், கண்ணு தெரியாம எப்படித்தான்..." என்று இழுப்பார்கள். எப்படித்தான் என்றால், உங்களையும் என்னையும்விட நன்றாகத்தான். உங்கள் செருப்புச் சத்தத்தை வைத்தே வந்திருப்பது யாரென்று சொல்லி, கதவைத் திறந்துவிட்டு, டீயும் போட்டுக் கையில் கொடுத்தாயிற்று. பிறகென்ன பாவம்? இதை நான் வாய்விட்டுச் சொன்னதால் இரண்டு சொந்தக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு நஷ்டமொன்றும் இல்லை.

ஆனால் அப்படிப்பட்ட நானே ஒரு சனிக்கிழமை காலையில், நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அண்ணியின் வாசிப்பைப் பிடுங்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணிக்கு இப்போது அறுபது வயது. பத்தொன்பது வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். ஊரெல்லாம் பொத்தான் போன் வந்த பிறகும் அந்த ஆஸ்பத்திரி மட்டும் பழைய போர்டைக் கட்டிக்கொண்டு அழுதது. சுவர் மாதிரி ஒரு பலகை, அதில் வரிசை வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வார்டு. கீழே கயிறு கயிறாக ஒயர்கள். போன் வந்தால் ஒரு கயிற்றை எடுத்துச் சரியான ஓட்டையில் சொருக வேண்டும். முப்பத்தைந்து வயதில் கண் மங்கத் தொடங்கியது. வைத்தியம் இல்லாத வகை. அண்ணி அலட்டிக்கொள்ளவில்லை. போர்டை விரலாலேயே பழகிக்கொண்டார். ஒரு இணைப்புகூடத் தப்பாகப் போனதில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

ஆனாலும் ஒருநாள் மேலதிகாரி வந்தார். "உங்க நல்லதுக்குத்தாம்மா. எதுக்கு உங்களுக்கு இந்தச் சிரமம்?" என்று சொல்லி, கோப்புகள் வைக்கும் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். போன் கிடையாது. வேலையும் கிடையாது. சம்பளம் மட்டும் உண்டு.

"ஜன்னல் பக்கமா உக்கார வெச்சாங்கடி," என்பார் அண்ணி. "கண்ணு போயிட்டு இருக்கிறவளை, ஜன்னல் பக்கம்! வேடிக்கை பாக்கட்டும்னு!"

இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். பதினாலு மாதம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வருஷம் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. என் அண்ணன் பஸ் டிரைவர். அதிகம் பேசத் தெரியாத மனிதன். அவனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. ஆம்புலன்ஸ் வயர்லெஸ்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர், பழைய பழக்கத்தில் அண்ணியைப் பார்க்க வந்தவர், ஒரு ரேடியோவைக் கொடுத்து, "சும்மா கேட்டுப் பாருங்க" என்றார். அதில் பாட்டு வராது, செய்தி வராது. அரசாங்கத்திடம் உரிமம் வாங்கிய சாதாரண மனிதர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். அமெச்சூர் ரேடியோ என்று அதற்குப் பெயர். அண்ணி மூன்று மாதம் கேட்டார். நாலாவது மாதம், "நானும் பரீட்சை எழுதறேன்" என்றார். பரீட்சைக்கு வரும் சர்க்யூட் படங்களை அண்ணன் அட்டையில் நூல் ஒட்டிச் செய்து கொடுத்தான். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே அழகான காரியம் அதுதான் என்று நான் அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

பாஸ் ஆனார். மொட்டை மாடியில் அண்ணன் பயந்து பயந்து ஏறி ஆன்டெனா கம்பி கட்டினான். கீழ்வீட்டுக்காரம்மா அதைத் துணிக்கொடி என்று நினைத்துப் போர்வை காயப் போட்டார். ரேடியோ மக்கர் செய்தால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஓடுவோம்.

தினமும் காலை ஏழு மணிக்கு ரேடியோவில் ஒரு கூட்டம் கூடும். காலை வட்டம் என்பார்கள். இருபது முப்பது பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடைதான், அதனால் ஒருவர் நடுவில் இருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். யார் வந்தார், யாருக்கு யாரிடம் சேதி, எவரை எந்த அலைவரிசைக்கு அனுப்புவது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். யோசித்துப் பாருங்கள், அப்படியே டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பதினோரு வருஷமாக அந்த இடம் அண்ணியுடையது. வட்டத்தில் அவருக்குப் பெயரே "ஆபரேட்டரம்மா"தான்.

அவருடைய ரேடியோ அறை என்பது படுக்கையறையை ஒட்டி முன்பு பீரோ நின்ற பொந்து. ஒரு மேசை. அதன்மேல் ரேடியோ, மைக், டிபன் டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். மானிட்டர் கிடையாது, எதற்கு? அதற்குப் பதிலாகப் பிரெய்லிப் பலகை. நீளமான ஸ்கேல் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் காட்டும் எழுத்து அதில் பிரெய்லிப் புள்ளிகளாக எழும்பி நிற்கும், அண்ணி விரலால் தடவிப் படிப்பார். ஒரு நேரத்தில் ஒரு வரி, நாற்பது எழுத்து. படங்களும் ஜன்னல்களும் இல்லாமல் எல்லாமே எழுத்தாக வரும் லினக்ஸ்தான் அவருக்குத் தோது என்று வட்டத்து ஆள் ஒருவர் போட்டுக் கொடுத்தது. வாய்விட்டுப் படிக்கும் கம்ப்யூட்டர் வாங்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "அது ஒரு பக்கம் கத்தும், ரேடியோ ஒரு பக்கம் கத்தும். காது ரேடியோவுக்கு, விரல் கம்ப்யூட்டருக்கு. ஒண்ணோட ஒண்ணு சண்டை போடக் கூடாது" என்றார். அந்தப் பொந்தில் பல்பு எரிந்துபோய் நாலு வருஷம். நான் போகும்போதெல்லாம் நாற்காலிக் காலில் இடித்துக்கொள்வேன். "பாத்து வாடி" என்பார். அதில் கிண்டல் இருக்கிறதென்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

பிரச்சினை பழைய ரேடியோவில் ஆரம்பித்தது. அது எந்த அலைவரிசையில் நிற்கிறதோ அதை ஒரு பெண் குரலில் சொல்லும். அண்ணன் அவளைச் "சின்ன வீடு" என்று கிண்டல் செய்வான். ஒருநாள் அவள் வாயடைத்துப் போனாள், கூடவே ரேடியோவும் செத்தது. வட்டத்துக்காரர்கள் தேடிப் பிடித்து இன்னொன்று அனுப்பினார்கள். நல்ல ரேடியோதான், ஆனால் ஊமை. கண்ணாடியில் எண் மட்டும் காட்டும். கைபட்டு அலைவரிசை கொஞ்சம் நகர்ந்தால்கூட அண்ணிக்குத் தெரியாது. கூடாத இடத்தில் பேசிவிட்டால் உரிமத்துக்கே ஆபத்து. ஒரே வழி, ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது. எண் பலகையில் புள்ளியாக வந்துவிடும், மாற்றுவதையும் அங்கிருந்தே மாற்றலாம்.

ரேடியோ வந்தது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வருடாந்தர ஒத்திகை. போனெல்லாம் செத்துப்போனால் ரேடியோக்காரர்கள் எப்படிச் சேதி கடத்துவார்கள் என்று அதிகாரிகள் முன்னால் செய்து காட்டுவது. நடுவில் இருப்பவர் மூன்று அலைவரிசைக்கு மாறி மாறித் தாவ வேண்டும். வட்டத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். வியாழன் மாலையே போன் செய்துவிட்டார்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. முடியலேன்னா நான் பாத்துக்கறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

நல்ல மனிதர், மனசில் கள்ளமில்லை. ஆனால் போனை வைத்ததும் அண்ணியின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஒரு வாட்டி நாற்காலியை விட்டு எழுந்தா, திரும்பி வர்றப்போ அது அங்க இருக்காது," என்றார். "எனக்கு இது ஏற்கெனவே நடந்திருக்கு."

நான் மார்தட்டிக்கொண்டு இறங்கினேன். பொது நூலகத்தில் முப்பத்தோரு கம்ப்யூட்டர்களை மேய்ப்பவள் நான். "ஒரு மணி நேர வேலை அண்ணி. நீங்க டீ மட்டும் போடுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை என் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ரேடியோவின் பின்னால் ஒரு வட்ட ஓட்டை. அங்கிருந்து ஒரு கேபிள், அதன் நுனியில் கட்டைவிரல் அளவில் யூ.எஸ்.பி. அடாப்டர். கம்ப்யூட்டரில் சொருகினேன். "வந்திருக்கு" என்று திரையில் ஒரு பெயர் வந்தது. ஒரே விநாடி. காணோம். பிடுங்கிச் சொருகினேன். வந்தது, காணோம். ஒரு மணி நேரம் இரண்டாகி மூன்றானது. டீ நாலு முறை வந்தது. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சனிக்கிழமை காலை விஷயம் பிடிபட்டது. அண்ணியின் பிரெய்லிப் பலகைக்குள் இருக்கும் சில்லும், இந்த அடாப்டருக்குள் இருக்கும் சில்லும் ஒரே வகை. பலகையைப் பார்த்துக்கொள்ள லினக்ஸில் ஒரு பிரெய்லி புரோகிராம் இருக்கிறது. அது புதிதாகச் சொருகிய அடாப்டரைப் பார்த்து, "ஓ, இன்னொரு பலகை" என்று பாய்ந்து பிடித்துக்கொள்கிறது. ரேடியோவுக்கு இடமில்லை. இணையத்தில் தேடினால் இதே பாட்டு. ஊர் உலகத்து ரேடியோக்காரர்கள் எல்லோருக்கும் இதே தலைவலி. ஒரு பக்கத்தில் ஒருவர் பதில் எழுதியிருந்தார்: "அந்த பிரெய்லி புரோகிராமை அடியோடு தூக்கிவிடுங்கள். யாருக்கும் தேவையில்லாத புரோகிராம். இந்த ஒரு வரி போதும்." கீழே இருநூற்றுப் பதினாலு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஒரு வரியை அடித்தேன்.

எதற்கு எதை நீக்குகிறோம் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. மூன்று மணி நேர ஆத்திரம், என் கண்ணுக்கு முன்னால் மானிட்டர், இருநூற்றுப் பதினாலு பேர் நன்றி. அண்ணி குளிக்கப் போயிருந்தார். "நிச்சயமாகவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டதற்குக்கூட ஆமாம் என்றேன். அடாப்டரைச் சொருகினேன். பெயர் வந்தது, நின்றது. ரேடியோவின் அலைவரிசை எண் திரையில் பளிச்சென்று தெரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணீ! வந்தாச்சு! ஓடி வாங்க!"

ஈரத் தலையோடு வந்தார். உட்கார்ந்தார். சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் பலகைமேல் வைத்தார். விரல்கள் இடமிருந்து வலம் போயின. திரும்பி வந்தன. மறுபடி போயின.

"எங்கடி?" என்றார். "ஒண்ணுமே இல்லையே. மொழுமொழுன்னு இருக்கு."

 அப்போதுதான் உறைத்தது, நான் எதைத் தூக்கியிருக்கிறேன் என்று.  கொஞ்ச நேரம் பூசி மெழுகப் பார்த்தேன். "இருங்க அண்ணி, சின்ன விஷயம், ஒரு நிமிஷம்..."

"என்ன பண்ணின?"

சொன்னேன். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னேன்.

"யாருக்கும் தேவையில்லைன்னு போட்டிருந்துச்சா?"

"ஆமா அண்ணி."

"நீயும் சரின்னு தூக்கிட்ட."

 அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஜன்னலோரத்திலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். வெட்கமாக இருந்தது.

"மூக்கைச் சிந்திட்டு வேலையைப் பாரு," என்றார் அண்ணி. "எனக்கு ஆறு மணி வரைக்கும்தான் டைம்."

புரோகிராமைத் திரும்பப் போடுவது பெரிய காரியமில்லை, பத்து நிமிஷம். ஆனால் நான் அடித்த அந்த உத்தமமான வரி அவருடைய சொந்த அமைப்புகளையும் சேர்த்து வழித்தெறிந்திருந்தது. பலகையில் நாற்பது எழுத்துதான் என்பதால், வட்டத்து ஆட்கள், அடிக்கடி வரும் சொற்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு எழுத்தில் சொந்தமாக ஒரு சுருக்கப் பட்டியல் செய்து வைத்திருந்தார். பதினோரு வருஷமாகச் சேர்த்தது. அது இல்லாமல் ஒத்திகையின் வேகத்துக்குப் படிக்கவே முடியாது.

"காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா அண்ணி?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன். நூலகத்தில் எல்லோரையும் காப்பி எடு, காப்பி எடு என்று விரட்டுபவள் நான்.

"கம்ப்யூட்டரை நம்பி யாராவது சும்மா இருப்பாங்களா?" என்று எழுந்து போய், துணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பைலைக் கொண்டு வந்தார். தடித்த காகிதத்தில் ஊசியால் குத்திக் குத்தி எழுதியது. முப்பத்தெட்டுத் தாள்.

பிற்பகல் முழுக்க அவர் விரலால் படித்தார், நான் அடித்தேன். கண் உள்ளவள் நான், எனக்கு அந்தத் தாள் வெறும் வெள்ளைத் தாள். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்கு ஒருவர் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. நான் ஒரு எழுத்தை விட்டால் அவர் பொறுமையாகத் திரும்பப் படித்தார்.

நடுவில் ஒரு சுருக்கம் வந்தது. "அடுத்தது, சிரமம்."

"சிரமமா? அந்த வார்த்தை அவ்வளவு அடிக்கடியா வரும்?"

"வார்த்தை இல்லடி. நம்ம பல் டாக்டர்."

விழுந்து விழுந்து சிரித்தோம். என் அண்ணனுக்கு "சாவி" என்று போட்டிருந்தார், தினமும் அவன் தொலைப்பது. அப்படியானால் எனக்கு என்ன என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். இரண்டு தாள் தாண்டி வந்தது. "அவசரம்." நான் வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

நாலரை மணிக்குப் பட்டியல் முடிந்தது. பலகையில் புள்ளிகள் எழும்பின. அண்ணியின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். ஆனால் பிரச்சினை பழைய இடத்திலேயே நின்றது. அடாப்டரைச் சொருகினால் பிரெய்லி புரோகிராம் மறுபடி அதைப் பிடித்துக்கொண்டது. எது பலகை, எது ரேடியோ என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சாதனத்துக்குள்ளும் தொழிற்சாலையில் ஒரு வரிசை எண் போட்டிருப்பார்கள், அதை வைத்து அடையாளம் சொல்லலாம் என்று பார்த்தேன். பலகைக்கு எண் ஒன்று. அடாப்டருக்கும் எண் ஒன்று!

"எவன்டா இவன்!" என்று கத்தியேவிட்டேன். "ரெண்டுக்கும் ஒரே நம்பர் போட்டிருக்கான் அண்ணி! எல்லாத்துக்கும் ஒண்ணுன்னே போட்டு அனுப்பியிருக்கான், சோம்பேறி! ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. இதை எப்படிப் பிரிச்சு சொல்றது?"

அண்ணி கம்ப்யூட்டர் டப்பாவின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள்.

"ஆஸ்பத்திரி போர்டுல கயிறுக்கெல்லாம் பேரு கிடையாது," என்றார். "எல்லாக் கயிறும் ஒண்ணுதான். ஓட்டைக்குத்தான் பேரு. எந்தக் கயிறா இருந்தா என்ன, மூணாவது வரிசை ஏழாவது ஓட்டைன்னா பிரசவ வார்டு. உன் மிஷினுக்கு ஓட்டை தெரியுமா தெரியாதா?"

தெரியும். எந்தச் சாதனம் எந்த ஓட்டை வழியாக வந்தது என்பது லினக்ஸுக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தோரு மிஷின் மேய்க்கும் எனக்குத்தான் அது தோன்றவில்லை. இரண்டு வரி எழுதினேன். இடது ஓட்டையில் எது வந்தாலும் அது பலகை. வலது ஓட்டையில் எது வந்தாலும் அது ரேடியோ, பிரெய்லி புரோகிராம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. பிடுங்கிச் சொருகினால் தானே எழுந்துகொள்ளும்படியும் செய்தேன். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அண்ணியின் விரலுக்கடியில் அலைவரிசை எண் எழும்பியது. அவர் குமிழைத் திருகினார், எண் மாறியது. மறுபடி திருகினார். அவர் உதடு எண்களை முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. பல் டாக்டர். "என்னம்மா, நான் பாத்துக்கட்டுமா?"

"நாளைக்கு ஏழு மணிக்கு உங்களைத்தான் மொதல்ல கூப்பிடுவேன் டாக்டர்," என்றார் அண்ணி. "தூங்கிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை நான் ஆறரைக்கே போய்விட்டேன். அண்ணி தலைவாரி, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் கேட்கவில்லை. ஏழு அடித்தது. அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவசரமில்லை, தயக்கமில்லை. ஒருவர் பாலம் உடைந்ததாகச் சொல்கிறார், ஒருவர் ரத்தம் வேண்டுமென்கிறார், எல்லாம் ஒத்திகைக்கான பொய்தான், ஆனால் எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. அண்ணி ஒருவரை நிறுத்தி, ஒருவரை அடுத்த அலைவரிசைக்கு அனுப்பி, அங்கே தாவி, சேதியை வாங்கி, இங்கே திரும்பினார். விரல் பலகையில் ஓடிக்கொண்டே இருந்தது.

எட்டு மணிக்கு அண்ணன் முதல் டிரிப்பை முடித்துவிட்டு வந்தான். போனில் சார்ஜ் இல்லையாம். இருட்டில் கையை விட்டுத் துழாவி, கம்ப்யூட்டரில் இரண்டு ஓட்டை இருப்பதைப் பார்த்து, இரண்டிலும் இருந்த கறுப்பு ஒயர்களைப் பிடுங்கிவிட்டுத் தன் போனை ஒன்றில் சொருகினான். இன்னொன்றில் சொருக ஒரு குட்டி மின்விசிறியை வேறு எடுத்துக்கொண்டிருந்தான்.

அண்ணியின் விரல் நின்றது.

"அடப்பாவி!" என்று நான் பாய்ந்தேன்.

"சும்மாதானே கிடந்துச்சு, யாருக்கும் வேணாம்னு நெனச்சேன்," என்றான் அண்ணன்.

ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஒயர். இரண்டும் மேசைக்கடியில் விழுந்து கிடந்தன, அங்கே கும்மிருட்டு. எது பலகையுடையது, எது ரேடியோவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. பதறிப்போய் ஒன்றை எடுத்து இடதில் திணிக்கப் போனேன். அண்ணி மைக்கில், "எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா இருங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். என் கையை ஒதுக்கினார். பலகையின் முனையில் விரலை வைத்து, ஒயரோடு விரலை ஓட்டிக்கொண்டே வந்து நுனியைப் பிடித்தார். அண்ணனின் போனைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தார். இடது ஓட்டையில் சொருகினார். ரேடியோவிலிருந்து தொடங்கி மற்றதையும் அதே மாதிரி தடவி வந்து வலது ஓட்டையில் சொருகினார். பதினைந்து விநாடி இருக்கலாம். புள்ளிகள் எழும்பின.

"ம், ஆஸ்பத்திரி நிலையம், இப்ப சொல்லுங்க," என்றார்.

ஒன்பது மணிக்கு ஒத்திகை முடிந்தது. எல்லோர் காதிலும் விழும்படி பல் டாக்டர் சொன்னார்: "நடுவுல ஒரு நிமிஷம் அமைதின்னு நிறுத்தினீங்களேம்மா, அது நல்ல ஏற்பாடு. எங்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைச்சுது. அடுத்த வருஷமும் அதை வெச்சுக்கோங்க."

"வெச்சுக்கலாம் டாக்டர்," என்றார் அண்ணி. அண்ணன் மெதுவாக நழுவிப் போய்ப் புது பல்பு வாங்கி வந்து மாட்டினான்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்று மத்தியானமே அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, இருநூற்றுப் பதினாலு நன்றிக்குக் கீழே எழுதினேன். அண்ணி சொல்லச் சொல்ல எழுதியதுதான். "அந்தப் புரோகிராமைத் தூக்காதீர்கள். நான் அதில்தான் வாசிக்கிறேன். தூக்காமலே ரேடியோவை இணைக்கலாம், ஓட்டையை வைத்து அடையாளம் சொல்லுங்கள்." கீழே அந்த இரண்டு வரியையும் போட்டோம்.

மூன்று நாள் யாரும் சீந்தவில்லை. நாலாம் நாள் மாலை அண்ணியிடமிருந்து போன். "ஒரு பதில் வந்திருக்கு. வந்து போ" என்றார். நூலகத்திலிருந்து நேரே போனேன். புது பல்பு வெளிச்சத்தில் அண்ணி பலகைமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"படிக்கறேன் கேளு," என்றார். விரல் நகர்ந்தது. "என் மகன் ஆறு மாதம் முன்பு கம்ப்யூட்டரில் ஏதோ கருவியைச் சொருகி, யாரோ சொன்ன ஒரு வரியை அடித்தான். அன்றிலிருந்து என் பிரெய்லிப் பலகை வேலை செய்யவில்லை. பழசாகிவிட்டது அப்பா, இனிமேல் எதற்கு இந்தச் சிரமம், நான் படித்துக் காட்டுகிறேன் என்றான். மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தோம். இன்று அவன்தான் நீங்கள் எழுதியதைக் கண்டுபிடித்து, புரோகிராமைத் திரும்பப் போட்டான். அழுதான். நான் முதலில் வாசித்தது உங்கள் வரியைத்தான்."

அண்ணி நிறுத்தினார்.  மறுபடி வரியின் முதலுக்குப் போய், இந்த முறை வாய்விடாமல், தனக்குள் படித்தார். 

"ஆறு மாசம்டி," என்றார் கடைசியில். "அந்த மனுஷனையும் ஜன்னல் பக்கம் உக்கார வெச்சிருந்திருக்காங்க."

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பையனைத் திட்ட வேணாம்னு மொதல்ல எழுது. நீ எழுதினா அவனுக்குப் புரியும். அப்புறம் அவர்கிட்ட ரேடியோ இருக்கான்னு கேளு. இல்லேன்னா வாங்கச் சொல்லு. காலைல ஏழு மணிக்கு நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்னு சொல்லு."